திரையைப் பார்த்து மனிதனை வரைக

தாம்பரத்தில் ஓவியத்தை வளர்ப்பதற்கென்று ஒரு கழகம் இருந்தது. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டை ஒட்டிய சைக்கிள் கடையின் மாடியில், 'தென் செங்கை ஓவியத் தேர்வுக் கழகம்' என்று நீலப் பலகை மாட்டியிருப்பார்கள். ஓவியம் வளர்ந்ததா என்று தெரியாது. கழகம் நன்றாக வளர்ந்தது. தலைவர், செயலாளர், உறுப்பினர் என்று மூன்று பேர். மூவரில் ஒருவருக்கும் ஒரு வாழைப்பழம்கூட வரைய வராது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வரையத் தெரிந்தவர்களை உள்ளே விட்டால் பாரபட்சம் வந்துவிடும் என்று கழகத்தின் விதியிலேயே எழுதியிருந்தது.

தலைவர் தனசிங் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வீட்டில் டெலிபோன் இருந்ததால் தலைவரானார். செயலாளர் தட்சிணாமூர்த்தி, செம்பாக்கத்தில் பரம்பரை நஞ்சையைப் பிளாட் போட்டு விற்றுவிட்டு, பொழுது போகாமல் பண்பாட்டைக் காக்க வந்தவர். உறுப்பினர் சுந்தர்சிங் ஒரு காலத்தில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். கூட்டம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். "வழிமொழிகிறேன்" என்று சொல்வதற்கு மட்டும் விழிப்பார். எதை வழிமொழிகிறோம் என்று கேட்கும் கெட்ட பழக்கம் அவருக்கு இல்லை.

இந்தக் கழகத்தின் சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த வட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் டிராயிங் டீச்சர் வேலை நிரந்தரமாகாது. இப்படிச் சட்டம் போட்டது யார் என்று நானும் விசாரித்துப் பார்த்தேன். ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டியது. கடைசி அலுவலகம் முதல் அலுவலகத்தைக் காட்டியதும் விட்டுவிட்டேன்.

ஜெயசீலி சேலையூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக டிராயிங் டீச்சர். அவள் அப்பா ஐசக் ரயில்வே யார்டில் விழுந்து இடுப்பு முறிந்து, வீட்டோடு இருந்தார். அந்தத் தற்காலிக வேலையில்தான் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அந்த வேலைக்கும் முடிவு வந்தது. தலைமையாசிரியை சாராள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஜூன்ல ஸ்கூல் திறக்கறப்போ சர்டிபிகேட்டோட வந்துடு ஜெயசீலி. இல்லேன்னா மேனேஜரோட மச்சினி பொண்ணு ரெடியா இருக்கா. அந்தப் பொண்ணுக்கு டீத் தட்டு வெச்சுக்கூட வட்டம் போட வராது. ஆனா என் கையில ஒண்ணும் இல்லம்மா."

ஜெயசீலி பயப்படவில்லை. அவளுக்கு வரையத் தெரியும். அதிலும் மனிதர்களை வரைவதென்றால் உயிர். சானடோரியம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருப்பவர்களை டிக்கெட்டுக்குப் பின்னால்கூட வரைந்து வைப்பாள். தேர்வின் பெயரே 'மனித உருவம், நேரில் பார்த்து வரைதல்'. ஒரு மாடலை நிறுத்தி வைப்பார்கள். அவனைப் பார்த்து எலும்பும் தசையும் தெரிய வரைய வேண்டும். இதைவிடச் சுலபமாக ஒரு பரீட்சை உண்டா என்று நினைத்து விண்ணப்பம் போட்டாள். அது 1970-ஆம் வருஷம். அந்தத் தேர்வுக்கு ஒரு பெண் விண்ணப்பித்தது அதுவே முதல் தடவை.

விண்ணப்பம் வந்த மறுநாளே கழகம் அவசரக் கூட்டம் போட்டது. போண்டா வந்தது, டீ வந்தது, பிறகு செயலாளர் எழுந்தார்.

"தலைவர் அவர்களே! இதுநாள்வரை மாடல் இடுப்பில் ஒரு துண்டோடு நின்றான், ஆண்கள் வரைந்தார்கள். இன்று ஒரு கன்னிப்பெண் வருகிறாள். நமது தாய்க்குலம், ஓர் அன்னிய ஆடவனின் மார்பை உற்றுப் பார்த்து, அதைப் பென்சிலால் வளைத்து வளைத்து... நினைக்கவே எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. நேற்று இராத்திரி முழுவதும் நினைத்துப் பார்த்தேன். காலையில் எழுந்து மறுபடியும் நினைத்துப் பார்த்தேன். இந்த அவலத்தை நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை!"

"வழிமொழிகிறேன்" என்றார் உறுப்பினர்.

மாடலுக்குச் சட்டை போட்டுவிடலாம் என்று முதல் யோசனை வந்தது. சட்டைக்குள் தசை எப்படித் தெரியும், தசைக்கு மார்க் உண்டே என்று தலைவர் கேட்டார். மல் துணியில் சட்டை தைக்கலாம் என்றார் செயலாளர். அது சட்டையில்லாததைவிட மோசம் என்று அவரே சிறிது நேரம் கண்ணை மூடி யோசித்துவிட்டு வாபஸ் வாங்கினார். அந்தப் பெண்ணையே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு யோசனை. சொல்லலாம், ஆனால் விண்ணப்பக் கட்டணம் ரசீது போட்டாயிற்று. கடைசியில், மாடலுக்கும் வரைபவர்களுக்கும் நடுவில் ஒரு திரை கட்டுவதென்று தீர்மானம் நிறைவேறியது. அதைத் தலைவர் விளக்கியபோது அவர் குரலே தழுதழுத்தது.

"திரைக்குப் பின்னால் மாடல் சட்டையில்லாமல் நிற்பான். தேர்வு விதி காப்பாற்றப்படுகிறது. அவனை யாரும் பார்க்க மாட்டார்கள். பண்பாடு காப்பாற்றப்படுகிறது. நமது செயலாளர் உள்ளே இருந்து, மாடல் எப்படி இருக்கிறான் என்பதை எடுத்துச் சொல்வார். பார்க்காமல் எப்படி வரைவது என்றால், அது அவரவர் திறமையைப் பொறுத்தது."

விஷயம் கேள்விப்பட்டு ஜெயசீலி மாடியேறி வந்தாள்.

"சார், லைஃப் டிராயிங்னா பாத்து வரையறதுதானே?"

"அதிலென்னம்மா சந்தேகம்?" என்றார் செயலாளர்.

"திரை போட்டா நான் எதைப் பாக்கறது?"

"திரையைப் பாரு. தாராளமா பாரு. யாரு வேண்டாங்கறா?"

"எங்க ஸ்கூல் வாசல்ல ரோடு போடற ஆளுங்க தினமும் சட்டையில்லாமதான் சார் வேலை செய்யறாங்க. அவங்களைத் தாண்டித்தான் நான் வரேன், போறேன்."

"அது ரோடு. இது கலை" என்று சொல்லி அவர் போண்டாத் தட்டை நகர்த்திக்கொண்டார்.

தேர்வு நாள் வந்தது. திரை, செயலாளர் வீட்டு ஜன்னலிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது. மாங்காய் டிசைன். ஜன்னலுக்குத் தைத்ததை உள்ளறை வாசலுக்குக் கட்டியதால் கீழே ஒரு சாண் குறைந்தது. மாடலாக வந்தவன் சம்பத். பம்மலில் கல் குவாரி லாரிக்கு லோடு ஏற்றுபவன். தோளும் மார்பும் எவனும் வரைய ஆசைப்படும்படி இருக்கும். அவனுக்கும் திரைக்கும் ஆரம்பத்திலேயே ஒத்துவரவில்லை.

"இன்னா சார் இது? துணிக்குப் பின்னால நிக்கச் சொல்றே. ஆரும் பாக்கப் போறதில்ல. அப்பறம் நா இன்னாத்துக்குச் சட்டையக் கய்ட்டணும்?"

"விதி" என்றார் செயலாளர்.

"சட்டையோட நின்னா ஆருக்குத் தெரியும்?"

"அது ஏமாற்று வேலை. கழகம் யாரையும் ஏமாற்றாது. கழற்று."

சம்பத் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். செயலாளரும் போனார். வெளியே ஜெயசீலியும் ஆறு ஆண்களும் பலகை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். திரைக்குக் கீழே சம்பத்தின் வெறுங்காலும், செயலாளரின் கறுப்பு ஷூவும் தெரிந்தன. செயலாளரின் குரல் கேட்டது.

"எழுதிக்கொள்ளுங்கள். அதாவது, வரைந்துகொள்ளுங்கள். வலது கை இடுப்பில் உள்ளது. இடது கை தொங்குகிறது. கழுத்துக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் உள்ள பகுதி, பண்பாடு கருதி, அகலமாக உள்ளது."

ஜெயசீலி கையைத் தூக்கினாள். திரைக்குப் பின்னால் இருப்பவருக்கு அது தெரியாது என்பது நினைவுக்கு வந்து, வாயால் கேட்டாள். "சார், தோள் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு?"

"நடுத்தரமாக உள்ளது."

ஆறு ஆண்களும் எதையும் கேட்கவில்லை. சுருட்டை முடியும் நேர்மூக்குமாக ஒரு வெள்ளைக்கார வாலிபனின் அச்சுப்படம் அந்த ஊரில் கைமாறிக்கொண்டிருந்தது. அதை ஆறு பேரும் மனப்பாடம் செய்திருந்தார்கள். உள்ளே நிற்பது சம்பத்தா சவுரிமுத்துவா என்பது அவர்களுக்கு அநாவசியம். ஜெயசீலி மட்டும் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் மனிதர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கைக்கு மாங்காய் டிசைனைப் பார்த்து மனிதனைப் போட வரவில்லை. ஜூன் மாதமும் அப்பாவின் இடுப்பும் மாறி மாறி நினைவுக்கு வந்தன.

அப்போது அந்த வெறுங்கால்கள் நகர்ந்தன. உள்ளே ஏதோ கிசுகிசுப்பு. "டேய், எங்கடா போறே?" என்று செயலாளரின் குரல் அடங்கிக் கேட்டது. "பேஜாராக் கீது சார், நீ சொல்லிக்கினே இரு" என்று பதில் வந்தது. பின்பக்கக் கதவு கிறீச்சிட்டது. இரும்புப் படியில் ஆள் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் கீழே டீக்கடையிலிருந்து சம்பத்தின் குரல் ஜன்னல் வழியாக மாடிக்கே வந்தது.

"அண்ணா, ஸ்டிராங்கா ஒரு டீ!"

திரைக்குக் கீழே இப்போது ஷூ மட்டும் இருந்தது. செயலாளரின் குரல் முன்னைவிடக் கம்பீரமாக எழுந்தது.

"இடது கால் சற்று முன்னே உள்ளது. அசையாமல் நிற்கிறான். மிகச் சிறந்த மாடல்!"

ஆறு பேரும் இடது காலைச் சற்று முன்னே வைத்தார்கள்.

ஜெயசீலிக்கு முதலில் அழுகைதான் வந்தது. பிறகு கோபம் வந்தது. பார்த்து வரை என்றுதானே சொன்னார்கள், பார்த்ததையே வரைவோம் என்று முடிவு செய்தாள். திரையை வரைந்தாள். தொய்ந்த கயிறு, மடிப்பில் பாதி மறைந்த மாங்காய், காற்றுக்கு உப்பிய நடுப்பகுதி எல்லாம் வந்தன. கீழே செயலாளரின் இரண்டு ஷூக்கள், ஒன்றில் சரிந்து விழுந்த சாக்ஸ் உட்பட. வேறு கால் எதுவும் அங்கே இல்லாததால் அவளும் போடவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

முடிவு வந்தபோது ஆறு ஆண்களும் தேறியிருந்தார்கள். ஆறு தாள்களிலும் ஒரே வெள்ளைக்கார வாலிபன் நின்றான். "ஆறு பேரும் ஒரே மாதிரி பார்த்திருக்கிறார்கள் என்றால், சம்பத் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்" என்று தலைவர் குறிப்பு எழுதினார். ஜெயசீலிக்குத் தேர்ச்சியும் வரவில்லை, தோல்வியும் வரவில்லை. விசாரணைக்கு வரச் சொல்லி ஆள் வந்தான். மாடல் இல்லை என்று பொருள்படும்படி படம் வரைந்து கழகத்தை இழிவுபடுத்தியதாகக் குற்றச்சாட்டு.

விசாரணையன்று சைக்கிள் கடை வாசலில் சம்பத் நின்றுகொண்டிருந்தான்.

"நானும் வர்றேம்மா. பாதியிலே ஓடிட்டேன்னு சொல்லி, இனிமே இந்தப் படியே ஏறக்கூடாதுன்னு என்னைத் தொரத்திட்டாரு அந்த ஆளு. உன்னாண்ட மட்டும் கடைசிவரைக்கும் நின்னேன்னு சொல்றாராமே? ரெண்டுல ஒண்ண வெச்சிக்கச் சொல்லு."

"உங்களைத் திட்டுவாங்க அண்ணா."

"திட்டட்டுமே. நா இன்னா பரீட்சையா எழுதிக் கீறேன்?"

மாடியில் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் சம்பத்தைப் பார்த்துக் கேட்டார்.

"தேர்வு முடியும்வரை நீ நின்றாயா?"

"நின்னேன் சார். டீக்கடையில."

செயலாளர் பாய்ந்து எழுந்தார். "மாடல் பேசக்கூடாது என்பது விதி! ஆகவே அவன் பேசியது செல்லாது. தலைவர் அவர்களே, அவன் அங்கே இருந்தான் என்று நான் சொன்னேன். இருந்தானா இல்லையா என்பது அற்பமான விஷயம். நான் சொன்னேன் என்பதுதான் முக்கியம். நாளைக்கு ஒவ்வொருவரும் தன் கண்ணை நம்பக் கிளம்பிவிட்டால், செயலாளர் என்று ஒருவர் எதற்கு?"

"நியாயம்" என்றார் தலைவர். ஜெயசீலியின் படத்தை அவள் முன்னால் வைத்தார். அவர் குரல் இளகியது. "ஏம்மா, நீயும் நம்ம சர்ச் சபைப் பொண்ணு. உன் அப்பா ஐசக்கை எனக்குத் தெரியும். நாங்க கல்நெஞ்சக்காரங்க இல்லை. இந்தத் திரைக்குக் கீழே ரெண்டே ரெண்டு கால் போட்டுடு. பத்து விரல். போட்டா நீ பாஸ்."

ஜெயசீலி படத்தைப் பார்த்தாள். இரண்டு கால் போட எவ்வளவு நேரமாகும்? போட்டால் ஜூன் மாதம் தலை நிமிர்ந்து பள்ளிக்கூடத்துக்குள் போகலாம். அப்பா ஒன்றும் கேட்க மாட்டார். போட்டுவிடலாமே என்று மனசு ஒரு நிமிஷம் தத்தளித்தது. நான் பொய் சொல்லவில்லை, பென்சிலைக்கூட எடுத்துவிட்டாள். அப்போது செயலாளர் முன்னால் குனிந்து, "நான் சொல்றேன், அப்படியே போடும்மா. வலது கால்..." என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான்.

"இல்லாத காலை நான் வரைய மாட்டேன் சார்."

"பிடிவாதம்!" என்றார் தலைவர். இளகிய குரல் போய்விட்டது. "அப்படியானால் நீ தோல்வி. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. அடுத்த வருஷம் தேர்வெழுத விடலாமா என்று யோசிக்கிறோம்."

அடுத்த வருஷம் அவளுக்கு எந்த வேலையும் இருக்காது. அது தலைவருக்கும் தெரியும். எழுதுவதற்குத் தாள் தேடினார்கள். கழக முத்திரை குத்திய தேர்வுத்தாள்தான் கைக்குக் கிடைத்தது. அதையே கொடுத்து எதிரில் உட்காரச் சொன்னார்கள்.

மன்னிப்பு எழுதுவதற்கு எழுதுபவர் தலை குனிந்தால் போதும். வாங்குகிறவர்களுக்குத்தான் வேலை அதிகம். அதற்கென்று ஒரு முகம் வேண்டும். தலைவர் முகவாயைத் தூக்கி, கைத்தடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, மன்னிக்கவும் செய்வேன் தண்டிக்கவும் செய்வேன் என்பதுபோல் சுவரைப் பார்த்தார். செயலாளர் அங்கவஸ்திரத்தைத் தொப்பைக்குக் குறுக்கே இழுத்துவிட்டு, புருவத்தை நெரித்து வைத்துக்கொண்டார். உறுப்பினர் வாயைத் திறந்து தூங்கினார். மேலே ஏர்ஃபோர்ஸ் விமானங்கள் வட்டமடித்துக்கொண்டிருந்ததால் பேசினாலும் கேட்காது. ஆகவே மூவரும் அப்படியே இருந்தார்கள்.

ஜெயசீலி அடிக்கடி நிமிர்ந்து ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்தாள், பிறகு குனிந்தாள். அவள் நிமிரும்போதெல்லாம் செயலாளர் புருவத்தை இன்னும் கொஞ்சம் நெரித்தார். பெண் உருகிவிட்டாள் என்று தலைவருக்குத் திருப்தி. மன்னிப்பு நீளமாக வருகிறதே என்று முகவாயை அசைக்காமல் காத்திருந்தார்.

கதவோரம் நின்ற சம்பத் எட்டிப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டான். முடியவில்லை.

"யம்மா! அந்த வாயி! அப்டியே கீதும்மா!"

தலைவர் எழுந்து வந்து தாளை வாங்கினார். அதில் ஓர் எழுத்துகூட இல்லை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கைத்தடிக்கு மேலே தலைவரின் கழுத்துச் சதை மடிந்து தொங்கியது. அங்கவஸ்திரத்தால் மறைக்கப்போய் செயலாளரின் தொப்பை இரண்டாகத் தெரிந்தது. உறுப்பினரின் வாய் கடைவாய்ப் பல்வரை திறந்திருந்தது. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் மூச்சு விடுவார்கள்போல இருந்தது.

"என்னம்மா இது?"

"பரீட்சை சார்" என்று ஜெயசீலி எழுந்து நின்றாள். "கழக முத்திரை போட்ட தாள். நேர்ல பாத்து வரைஞ்சது. மாடல் அசையாம இருந்தாங்க. மேற்பார்வைக்கு நீங்களே இருந்தீங்க. ஒரு மனித உருவம் கேட்டீங்க, நான் மூணு குடுத்திருக்கேன். இது மனித உருவம் இல்லேன்னு எழுதி என்னைத் தோல்வி போடுங்க. எழுதினதை நான் பிரேம் போட்டு வெச்சுக்கறேன்."

கழகம் திகைத்துப்போனது. தோல்வி போடுவதென்றால், நாங்கள் மனித உருவம் இல்லை என்று மூவரும் கையெழுத்திட வேண்டும். தாளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். தட்சிணாமூர்த்தியும் சுந்தர்சிங்கும் அச்சாக வந்திருப்பதாகவும், தன் கழுத்து மட்டும் தவறு என்றும் தலைவர் சொன்னார். தலைவரின் கழுத்து அதேதான், தன் வயிறுதான் தவறு என்றார் செயலாளர். உறுப்பினர் விழித்துக்கொண்டு, மற்ற இருவரும் சரி, தான் கூட்டத்தில் தூங்கியதே கிடையாது என்றார். பெரும்பான்மையைக் கணக்குப் பார்த்தபோது கழுத்தும் சரி, வயிறும் சரி, வாயும் சரி என்று முடிவாயிற்று.

வேறு வழியில்லாமல் தலைவர் சான்றிதழையும் பேனாவையும் எடுத்தார். செயலாளர் அவர் கையைப் பிடித்தார்.

"ஒரு நிபந்தனை. இந்தப் படம் கழகக் கோப்பில் நிரந்தரமாக இருக்கும். வருங்காலச் சந்ததி பார்க்கும். ஆகவே அம்மா, அந்த வயிற்றை மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிடு. ஒரு கோடுதான். நான் இளமையில் தண்டால் எடுத்த உடம்பு. உள்ளே எல்லாம் இருக்கிறது."

"இருக்கலாம் சார்" என்றாள் ஜெயசீலி. "நான் பாக்காம எதையும் திருத்த மாட்டேன். சட்டையைக் கழட்டிட்டு உக்காருங்க."

தலைவர் "ஐயோ" என்றார். உறுப்பினர் வழிமொழிய வாயைத் திறந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக எதை என்று யோசித்தார். ஒரு கன்னிப்பெண், ஓர் அன்னிய ஆடவன், பட்டப்பகல். பண்பாட்டைக் காக்க வந்த தட்சிணாமூர்த்தி எழுந்து, அங்கவஸ்திரத்தை மடித்து நாற்காலியின் முதுகில் போட்டார். மூச்சை இழுத்து வயிற்றை எக்கிக்கொண்டார். கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

அவர் இரண்டாவது பொத்தானுக்கு வருவதற்குள் தலைவர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.